நாலு நிமிடக் காற்று

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்க்காரன் ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்ட சீமையில் படகு எஞ்சினுக்காக ஒரு குடும்பம் ரெண்டுபட்டு நின்றது என்றால் யார்தான் நம்புவார்கள்? நின்றது. நடுவில் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான்.

என் பெயர் அய்யாதுரை. சாத்தூரில் ஜெனரேட்டர், பம்புசெட் பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ராஜபாண்டியன் அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனி. அங்கே ஓடுகிற எந்த மோட்டார் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். இருபது வருசப் பழக்கம். அவர் வீட்டில் சாப்பிட இலை போட்டால் எனக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்துக் கிடந்த கார்த்திகை மாதம் அது. சீசனில் பட்டாசு காயப்போடுகிற களத்தில் ஒரு படகு வந்து இறங்கியிருந்தது. வெள்ளை நிறம், இருபத்தொரு அடி. ரெண்டு சக்கர டிரெய்லர் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் மழை கண்ட கரிசல், முழங்கால் உயரத்துக்கு மக்காச்சோளம். ஆடு மேய்க்க வந்தவர்களெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “அண்ணாச்சிக்கு என்னமோ ஆயிப்போச்சு” என்று பேசிக்கொண்டு போனார்கள்.

அண்ணாச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மகள் கீர்த்திகாவுக்குத்தான் படகுப் பைத்தியம். கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, கொச்சியில் படகு கட்டுகிற இடத்தில் மூன்று வருசம் வேலை பார்த்தவள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை விடுதி ஒன்றில், ஆட்களைப் பாராசூட்டில் கட்டி இழுத்துப் பறக்கவிடுகிற வேகப் படகு ஓட்ட ஒப்பந்தம் வாங்கியிருந்தாள். பொங்கலுக்குத் தொழில் தொடங்க வேண்டும். “ஒரே பிள்ளை, பட்டாசுப் பக்கம் வராம தப்பிச்சாச் சரி” என்று தாயும் தகப்பனும் சம்மதித்துவிட்டார்கள். சண்டை வந்தது எஞ்சினில்.

எஞ்சினைப் படகின் வயிற்றுக்குள் பெட்டியில் வைத்து மூடுவது ஒரு வகை. இன்போர்டு என்பார்கள். படகின் பின்பக்கத்துக்கு வெளியே தொங்கவிடுவது இன்னொரு வகை. அது அவுட்போர்டு. களத்தில் நின்ற படகில் இருந்தது இன்போர்டு. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஓட்டிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் எஞ்சினை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்கிறேன், வெறும் படகை வைத்துக்கொண்டு பின்னால் புதிதாக அவுட்போர்டு மாட்டிக்கொள்ளுங்கள் என்று விற்கிறவன் ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தான். அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் நடந்தது.

முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டில் பேச்சு ஆரம்பித்தது. மொச்சைப் பயறு போட்ட கருவாட்டுக் குழம்பு. ரெண்டாவது கை வைப்பதற்குள் பொன்னுத்தங்கம் மதினி என் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். கம்பெனிச் சரக்குக் கணக்கு முழுவதும் மதினி கையில். அவர் சொல்லை அண்ணாச்சி தட்டி அன்றுவரை நான் பார்த்ததில்லை.

“கொளுந்தனாரே, நீங்க எஞ்சின்காரரு. நீங்களே சொல்லுங்க. மூடுன பெட்டிக்குள்ள பெட்ரோலும் இருக்கும், பொறியும் இருக்கும்னா அது என்னது? நம்ம கம்பெனியில ஒரு ரூமுக்கு எத்தனை வாசல் வச்சிருக்கோம்? எதுக்கு வச்சிருக்கோம்?”

“அம்மா, அதுக்குத்தாம்மா காத்தாடி இருக்கு” என்றாள் கீர்த்திகா. “எஞ்சின ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி நாலு நிமிஷம் காத்தாடியப் போடணும். உள்ள நிக்கிற பெட்ரோல் ஆவியெல்லாம் பின்பக்கக் குழாய் வழியா வெளிய தள்ளிரும். மேல ரெண்டு குழாய் வழியா நல்ல காத்து உள்ள வரும். உலகம் பூரா ஓடுதும்மா.”

“உலகம் பூரா ஓடட்டும். என் மக ஓட்டுறதுதான எனக்குக் கவலை. வெளிய தொங்குறத வாங்குனா ஆவியும் கெடையாது, காத்தாடியும் கெடையாது. அம்புட்டுதான.”

“வெளிய தொங்குனா தண்ணிக்குள்ள சுத்துற விசிறியும் பின்னாலயே இருக்கும்மா. பாராசூட்ல இருந்து ஆளு இறங்குறது படகுக்குப் பின்னால தண்ணியிலதான். இன்போர்டுல விசிறி படகுக்கு அடியில தள்ளி இருக்கு. இழுக்கும்போது படகும் ஆடாது.”

அண்ணாச்சி அதுவரை குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தவர், அந்த இடத்தில் தலையைத் தூக்கினார். “அதாம்ளா விசயம். முப்பது வருசமா வெடிமருந்துக்குள்ள கை வச்சிருக்கேன். என் கம்பெனியில ஒரு ஆளுக்கு விரல் நகம் போனதில்லை. ஊரான் வீட்டுப் பிள்ள நம்மள நம்பித் தண்ணிக்குள்ள விழும். அது கால விசிறி அடிச்சிருச்சின்னா நாம சோறு திங்க முடியுமா?”

“நம்ம பிள்ள?” என்றார் மதினி.

“நம்ம பிள்ளைக்குத்தான் வெவரம் தெரியுமே.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதினி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தினமும் உப்புத் தண்ணீரில் ஓடுகிற படகுக்கு, எட்டிக் கழற்றி எட்டி மாட்டுகிற அவுட்போர்டுதான் லேசு. கீர்த்திகா சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் நான் யோசித்தது அதை எதையும் இல்லை. காலையில் பெட்டி மூடியைத் திறந்தபோது அந்த எட்டு சிலிண்டரைப் பார்த்தேன் பாருங்கள், அப்போதே என் புத்தி போய்விட்டது. பம்புசெட்டையும் ஜெனரேட்டரையும் கட்டி அழுத கைக்கு அப்படி ஒரு எஞ்சின் இந்த ஜென்மத்தில் இன்னொரு தரம் கிடைக்காது. அவுட்போர்டு வந்தால் தூத்துக்குடிக் கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போவான். எனக்கு அங்கே என்ன வேலை?

“இன்போர்டே நல்லாத்தான் இருக்கும் மதினி” என்றேன். “நான் பாத்துக்கிடுறேன்.”

மதினி எழுந்து போய்விட்டார். ரசம் நானேதான் ஊற்றிக்கொண்டேன்.

நாலு நாள் அந்தக் களத்திலேயே கிடந்தேன். பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தது வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. கீர்த்திகா உள்ளே இறங்கி ஒயர் ஒயராகப் பார்ப்பாள், நான் எண்ணெய் மாற்றுவேன், பிளக் கழற்றித் துடைப்பேன். அந்தப் பெண் வேலை செய்கிற அழகைச் சும்மா சொல்லக் கூடாது. எதைக் கழற்றினாலும் துணி விரித்து வரிசையாக வைப்பாள். காலையில் வந்ததும் முதல் காரியமாகப் பெட்டி மூடியைத் தூக்கி, குனிந்து மோந்து பார்ப்பாள். “மூக்குதான் சித்தப்பா மொத மிசினு” என்பாள்.

வானம் மட்டும் எங்களை நிம்மதியாக விடவில்லை. மேற்கே கருத்துக்கொண்டு வரும், ரெண்டு சொட்டு விழும், போய்விடும். மேகம் கூடினால் போதும், அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளாது. குடோனுக்கு ஓடுவார். கம்பெனி அடைத்த பிறகும் ரெண்டு டிரம்மில் அலுமினியப் பொடி மிச்சம் இருந்தது. அந்தப் பொடி ஈரம் பட்டால் சும்மா இருக்காது. தானாக உள்ளுக்குள் சூடேறும், சூடேறினால் பற்றும். பட்டாசுக்காரனுக்குத் தீயைவிட ஈரத்துக்குத்தான் பயம் அதிகம். தீ கண்ணுக்குத் தெரியும், ஈரம் தெரியாது. அண்ணாச்சி டிரம் மூடிக்கு மேல் பாலித்தீன் போட்டு, அதற்கு மேல் டேப் ஒட்டி, ஓரத்தைக் கட்டை விரலால் நீவி நீவி அமுக்குவார். அதை முடித்துவிட்டு வந்து படகை ஒரு சுற்றுச் சுற்றுவார்.

“ஏந்தாயி, இதுக்குள்ள தண்ணி எறங்காதா?”

“எறங்குனா வெளியேத்த மோட்டார் இருக்குப்பா. நீங்க கவலைப்படாதீக.”

“கவலைப்படல. கேட்டேன்.”

அவர் கவலைப்பட்டார். முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. விசிறிக்குப் பயந்து உள்ளே வைக்கிற எஞ்சின் பக்கம் பேசிவிட்டாரே தவிர, மதினி கேட்ட “நம்ம பிள்ள?” அவரைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “அய்யாதுரை, ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி.”

“நீ சொல்றதுனால இருக்கேன்.”

எனக்கு டீ கசந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லையே.

ஐந்தாம் நாள் காலையில் ஆனைக்குட்டம் அணையில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு. பத்து மணி வரைதான் அனுமதி. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் டேங்கில் முதல் தடவையாக நாற்பது லிட்டர் பெட்ரோல் ஊற்றினேன். ஒரு ஹோஸ் பழசாகத் தெரிந்தது, மாற்றினேன். இருட்டுவதற்குள் நானும் கீர்த்திகாவும் கிளம்பிவிட்டோம். இரவு நல்ல மழை.

விடிந்ததும் டிராக்டர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. பின்னாலேயே காரில் நாங்கள். டிராக்டர் ஊர்ந்து போய்ச் சேரவே எட்டே முக்காலைத் தாண்டிவிட்டது. பிறகு சேற்றில் டிரெய்லர் சக்கரம் புதைந்தது. ஆள் கூட்டிப் பலகை போட்டுத் தூக்கி, படகைத் தண்ணீரில் இறக்கும்போது ஒன்பதரை. கரையில் நாற்பது, ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். பொம்பளைப் பிள்ளை படகு ஓட்டப்போகிறதாம் என்று சிவகாசியிலிருந்தே நாலைந்து பைக். மதினி தேங்காய் உடைத்தார். சூடம் கொளுத்தவில்லை. பெட்ரோலுக்குப் பக்கத்தில் அந்த வீட்டில் யாரும் தீக்குச்சி உரச மாட்டார்கள்.

கீர்த்திகா, அண்ணாச்சி, நான் மூன்று பேரும் படகில் ஏறினோம். ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை, தண்ணீரில் மிதக்க. கம்பெனி போர்மேன் கண்ணுச்சாமி இடுப்புத் தண்ணீரில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மணி ஆயிப்போச்சு” என்றாள் கீர்த்திகா. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், காற்றாடி சுவிட்சைப் போட்டாள். “நாலு நிமிஷம்.”

அன்றைக்கு அவள் பெட்டி மூடியைத் தூக்கி மோந்து பார்க்கவில்லை. சேறு, கூட்டம், பத்து மணி. எல்லாம் சேர்ந்து அவளை அவசரப்படுத்திவிட்டன. நானாவது தூக்கியிருக்கலாம். எனக்கு அந்த எஞ்சின் உறுமுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

காற்றாடி ஓடியது. சத்தம் சரியில்லை. களத்தில் கேட்டபோது சீராக இரைந்த காற்றாடி, இன்றைக்கு மாவு கெட்டியாகிப்போன மிக்சி மாதிரி முக்கியது. காதில் விழுந்தது எனக்கு. மழையில் நனைந்திருக்கும், ஓடினால் சரியாகும் என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். எஞ்சின்காரனாம் எஞ்சின்காரன்!

ஒரு நிமிடம். ரெண்டு நிமிடம். கரையில் மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இங்கேயிருந்து பார்த்தாலே உதடு அசைவது தெரிந்தது. எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ. அண்ணாச்சி மகளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

மூன்று நிமிடம். கீர்த்திகா சாவியைப் போட்டாள்.

“ஏந்தாயி, பயமா இருக்கா?”

“இல்லப்பா. உங்களுக்கு?”

“எனக்கென்ன பயம்?” என்று சிரிக்கப் பார்த்தார் அண்ணாச்சி. மகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டுமே என்று வாய்க்கு வந்ததைப் பேசினார். “ராத்திரி பேஞ்ச மழைக்கு வேற படகா இருந்தா உள்ள குளமாகிருக்கும். உன் எஞ்சின் மேல ஒரு பொட்டு ஈரம் பட்டிருக்காது பாத்துக்க. நேத்து நீங்க போன பொறவு நான்லா வந்து மூணு குழாய் வாயையும் அடைச்சேன்.”

கீர்த்திகாவின் கை சாவியில் இருந்தது.

“என்னப்பா சொன்னீக?”

“மேல ரெண்டு, பின்னால ஒண்ணு. பஞ்சுக் கழிவப் பாலித்தீன்ல சுத்தி உள்ள தள்ளிட்டேன். வெளிய பாத்தாத் தெரியாது. காத்துகூட நுழையாது.”

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்க ஒரு நொடி ஆனது. காற்றாடி நாலு நிமிடமாக எதையும் வெளியே தள்ளவில்லை. இரவு முழுக்க அந்தப் பெட்டிக்குள் நின்றது எதுவோ, அது அப்படியே எங்கள் காலுக்கு அடியில் நிற்கிறது.

கீர்த்திகா சாவியிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை. “யாரும் எதையும் தொடாதீக. காத்தாடி ஓடுறபடி ஓடட்டும், நிப்பாட்டுனா பொறி வரும். சித்தப்பா, செல்ல எடுக்காதீக. அப்பா, அப்படியே பக்கவாட்டுல தண்ணியில எறங்குங்க. கண்ணுச்சாமிண்ணே, கயிற அந்தக் கல்லுல கட்டிட்டு எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க. பீடி கீடி ஒருத்தரும் பத்தக்கூடாது.”

மார்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தோம். அண்ணாச்சிக்கு இன்னும் பிடிபடவில்லை. “நான் என்ன செஞ்சிட்டேன்? ஈரம் படக்கூடாதுன்னுதான...” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வழியில் நின்றார். முப்பது வருசம் ஆவியும் மருந்தும் பார்த்தவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அடைச்சது நானு” என்றார். “நானே எடுக்கேன்.”

“வேண்டாம்ப்பா, நான் போறேன். எனக்குத்தான் தெரியும்.”

“நீ கரையேறு!”

அந்த மனுசர் மகளிடம் அப்படி அதட்டி நான் கேட்டதே இல்லை. ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றிவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்த போனை என்னிடம் கொடுத்தார். இரும்புக் கடிகாரத்தைக் கழற்றினார், பெல்ட்டை உருவினார், சாவிக்கொத்தை எடுத்தார். மருந்து ரூமுக்குள் நுழைகிறவன் பொறி எழாமலிருக்கச் செய்வதெல்லாம். தலை முழுக ஒரு முங்கு போட்டு, சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு திரும்பிப் படகை நோக்கிப் போனார்.

கரையில் மதினி, “ஏங்க! ஏங்க!” என்று ரெண்டு தடவை கத்தினார். கீர்த்திகா அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

முதலில் பின்பக்கக் குழாய். ரெண்டு விரலை விட்டு மெல்ல இழுத்தார், பஞ்சு உருண்டை வந்தது. காற்றாடியின் சத்தம் உடனே தெளிந்தது, கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. பிறகு மேல் குழாய் ரெண்டும். அப்புறம் பெட்டி மூடியை ரெண்டு கையாலும் உராயாமல் நேராகத் தூக்கி, ஓரமாகச் சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வாடை கரைக்கே வந்தது.

அரை மணி நேரம் யாரையும் கிட்டே போகவிடவில்லை அவர். பிறகு நானும் கீர்த்திகாவும் போய்ப் பார்த்தோம். எஞ்சினுக்கு அடியில் ரெண்டு விரல் உயரத்துக்குப் பெட்ரோல். நான் மாற்றின ஹோஸ். நான் மாட்டின கிளிப். படகுக்கென்று இருக்கிற கிளிப்பை ரெண்டாகப் போட வேண்டிய இடத்தில் பம்புசெட் கிளிப் ஒன்றை மாட்டி முறுக்கியிருந்தேன். அது இரவெல்லாம் கசிந்திருக்கிறது.

கரைக்கு வந்து சொன்னேன். மறைக்க நாக்கு எழவில்லை. “கசிஞ்சது என் கை வேலை மதினி. அன்னைக்கு நீங்க கேட்டப்பவும் நான் பொய்தான் சொன்னேன். எனக்கு அந்த எஞ்சின் மேல ஆசை.”

“பாவி மனுசா” என்றார் மதினி. “நம்ம ஆளுன்னு நெனச்சுல்ல நடுவுல வச்சு ஒங்களக் கேட்டோம். உங்க ஆசைக்கு எம்பிள்ளதான் கெடைச்சாளா?” அழுகையும் ஆத்திரமுமாக இன்னும் என்னென்னவோ சொன்னார். எல்லாம் எனக்கு வேண்டியதுதான். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி மட்டும் யாரையும் பார்க்கவில்லை. நனைந்த வேட்டியோடு அணைக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கீர்த்திகா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இந்த எஞ்சின் வேண்டாம்ப்பா. கழட்டிட்டுப் போகச் சொல்லிருவோம். அவுட்போர்டு வாங்கிருவோம்.”

“என்னாலயா?”

பொய் சொல்லியிருக்கலாம். இல்லப்பா, கிளிப்பாலதான் என்று என் தலையில் போட்டிருக்கலாம். நானும் சந்தோசமாகச் சுமந்திருப்பேன். அவள் அப்படிச் செய்யவில்லை.

“ஆமாப்பா. உங்களாலதான். சித்தப்பாவாலயும்தான். இன்னைக்கு மூடியத் தொறந்து மோந்து பாக்காம விட்ட என்னாலயும்தான். இது நல்ல எஞ்சினு. ஆனா வெவரம் தெரியாம யாரும் பாசத்துல இதைத் தொட்டுறக் கூடாது. நம்ம வீட்டுல அது நடக்குமா? நான் கடலுக்குப் போன பொறவு நீங்க சும்மா இருப்பீகளா? வாரத்துக்கு ஒருக்க வந்து எதையாவது தொடைப்பீக, எதையாவது மூடுவீக. வராதீகன்னு சொல்ல எனக்கு மனசு வராது. விசிறிக்குக் கம்பிக் கூண்டு போட்டுக்கிடுறேன். ஆளு தண்ணிக்குள்ள இருந்தா எஞ்சின நிப்பாட்டிட்டுத்தான் கிட்டப் போவேன். வெளிய தொங்குற எஞ்சின்ல நீங்க என்ன செஞ்சாலும் எனக்குக் கண்ணுல தெரியும்ப்பா.”

அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. மதினி வந்து அவர் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மேற்கே மறுபடி கருத்து வந்தது.

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை அவரால்.

“ஏந்தாயி, அது வெளியிலதான தொங்கும்? மழை பேஞ்சா நனையுமே?”

கீர்த்திகா அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நனையட்டும்ப்பா” என்றாள். “நனைய விட்டுருங்க.”